உரோமரின் குலப்பெயரும் நம் திருமுழுக்குப் பதிவேடும்

திருவண்ணாமலை நகரை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மனுக்களோடு வருவோர் பலர். பட்டா வேண்டுவோர், முதியோர் உதவித்தொகை வேண்டுவோர், சாதிச் சான்றிதழ் கிடைக்காதோர் என வருகின்ற எவராயினும், மனுவின் தலைப்பில் தம் பெயரை எழுதியவுடன் அதன் கீழே இன்னொரு பெயரையும் எழுதியாக வேண்டும். ஆணாயின் 'த/பெ' என்றும், மணமான பெண்ணாயின் 'க/பெ' என்றும் குறித்து, தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ எழுதுவது வழக்கம். 'நீ யார்?' என்னும் வினாவுக்கு விடை கூறியவுடன், 'நீ யாருடையவர்?' என்னும் வினாவும் தொடர்கிறது என்று இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோம அரசும் தன் குடிமக்களிடம் இதே வினாவைக் கேட்டது. தென் இத்தாலியிலுள்ள ஹெராக்ளியா என்னுமிடத்தில் கிடைத்த வெண்கலப் பட்டயம் ஒன்று, கி.மு. முதல் நூற்றாண்டின் நகராட்சி விதிகளைத் தாங்கியுள்ளது. குடிமதிப்புப் பதிவின்போது ஒவ்வொருவரின் குலப்பெயர், முற்பெயர், தந்தை அல்லது எசமானின் பெயர், வாக்குத் தொகுதி, சிறப்புப் பெயர் ஆகியவற்றை எழுதவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 'தந்தை அல்லது எசமான்' என்னும் இச்சொற்களை நாம் கருத்தூன்றி நோக்கவேண்டும். பிறப்பால் உரிமை பெற்றவனுக்குத் தந்தை. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவனுக்கு அவனை விடுவித்த எசமான். ஒரு பெயரைப் படித்த மாத்திரத்தில் அவன் எந்த வாசல் வழியாகச் சமுதாயத்துக்குள் நுழைந்தான் என்பது தெரிந்துவிடும்.

புதிய ஏற்பாடு இத்தகைய பெயர்களால் நிறைந்துள்ளது. அவற்றின் அமைப்பை அறிந்து வாசிப்போமாயின், நாம் பலமுறை கடந்து சென்ற வாழ்த்துப் பட்டியல்கள் புதுப்பொருள் தரும். நம் திருமுழுக்குப் பதிவேட்டில் நாமே எழுதும் பெயர்களையும் வேறு கண்ணோடு நோக்குவோம். இவ்விரண்டு நோக்கங்களோடு இக்கட்டுரையை எழுதத் துணிகிறோம்.

1. உரோமக் குடிமகனின் மூன்று பெயர்கள்

குடியரசின் பிற்காலத்திலும் பேரரசின் தொடக்கத்திலும் உரோமக் குடிமகன் ஒருவன் பொதுவாக மூன்று பெயர்களைத் தாங்கினான். முதலாவது பிரெநோமென் எனப்படும் முற்பெயர். இது அவனுக்கே உரிய பெயர். ஆயினும் வழக்கிலிருந்த முற்பெயர்கள் இருபதுக்கும் குறைவானவையே. மார்க்கஸ், லூசியஸ், காயஸ், பூப்லியஸ் போன்றவை அவற்றுட் சில. நம் வேதாகமத்தில் மாற்கு, லூகி, காயு, புபிலியு என நாம் அறிந்த பெயர்களே இவை. இரண்டாவது நோமென் எனப்படும் குலப்பெயர். யூலியஸ், கொர்னேலியஸ், கிலவுதியஸ், துல்லியஸ் என்பன போன்ற இப்பெயரே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. மூன்றாவது காக்நோமென் எனப்படும் சிறப்புப் பெயர். பெரிய குலத்தின் கிளைகளைப் பிரித்தறிய இது உதவிற்று. பெரும்பாலும் உடற்கூற்றையோ குணத்தையோ சுட்டிய பட்டப்பெயராகவே இது தொடங்கியது. ரூபஸ் என்றால் செந்நிறத்தான். பவுலஸ் என்றால் சிறியவன். சிசரோ என்பது கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

அலுவல்முறைப்படி எழுதும்போது இம்மூன்றோடு தந்தை, பாட்டன் ஆகியோரின் முற்பெயர்களும் வாக்குத் தொகுதியின் பெயரும் சேர்ந்தன. புகழ்பெற்ற நாவலரான சிசரோவின் முழுப் பெயரைத் தமிழில் எழுதினால், 'மா. துல்லியஸ், மா.வின் மகன், மா.வின் பேரன், கொர்னேலியா தொகுதி, சிசரோ' என்றமையும். மகன், தந்தை, பாட்டன் மூவருமே மார்க்கஸ். அந்த மார்க்கஸ் என்னும் பெயரோ ஒரே எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

இங்கே நம் வழக்கத்தோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. நாமும் பெயருக்கு முன் தலைப்பெழுத்து எழுதுகிறோம். ஆனால் நாம் ஓரெழுத்தாகச் சுருக்குவது தந்தையின் பெயரை. முழுமையாக எழுதுவது நம் சொந்தப் பெயரை. உரோமனோ தன் சொந்தப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிக் குலத்தின் பெயரை முழுமையாக எழுதினான். அவனுடைய பெயரில் அவனுக்கே உரிய பகுதிதான் மிகச் சிறியது. குலத்தின் மானத்துக்காகத் தனிமனிதனின் பெயரையே விலக்கியதும் உண்டு. முடியாட்சியை நாடினான் என்ற குற்றத்துக்காக மார்க்கஸ் மான்லியஸ் கி.மு. 384இல் கொல்லப்பட்ட பின், மான்லியஸ் குலத்தார் தம் பிள்ளைகளுக்கு மார்க்கஸ் என்னும் முற்பெயரை இடுவதில்லை என்று முடிவு செய்தனர்.

தத்தெடுப்பினால் பெயரே மாறிற்று. மெய்யறிஞர் செனேக்காவின் தமையன் லூசியஸ் அன்னேயஸ் நொவாத்தஸ் என்ற பெயரோடு பிறந்தார். லூசியஸ் யூனியஸ் கல்லியோ என்பவர் அவரைத் தத்தெடுத்தபோது அவர் பெயர் லூசியஸ் யூனியஸ் கல்லியோ அன்னேயானஸ் ஆயிற்று. கொரிந்துவில் பவுலை விசாரிக்க மறுத்த கல்லியோன் இவரே (அப். 18). பிறந்த குலத்தின் அடையாளம் பெயரின் வாலில் ஒரு நினைவாக மட்டும் நிற்கிறது. பெயரும் சொத்தும் வழிபாட்டுக் கடமையும் புதிய தந்தையினுடையவை. உரோமாபுரித் திருச்சபைக்கு எழுதும்போது புத்திரசுவிகாரம் என்னும் சொல்லைப் பவுல் ஆள்கிறார் (உரோ. 8). அதைக் கேட்டோர் இத்தகைய பெயர் மாற்றங்களை அன்றாடம் கண்டவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

2. சொந்தப் பெயர் இல்லாதவரும் தந்தை இல்லாதவரும்

இந்த ஒழுங்கில் பெண்ணின் இடம் யாது? சிசரோவின் குலப்பெயர் துல்லியஸ். ஆகவே அவர் மகள் துல்லியா. கொர்னேலியஸ் குலத்துப் பெண் கொர்னேலியா. யூலியஸ் குலத்துப் பெண் யூலியா. குலப்பெயரின் பெண்பால் வடிவமே அவளது பெயர். குடியரசுக் காலத்தில் முற்பெயர் இடும் வழக்கம் பெண்களிடையே பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தால் மூத்தவள், இளையவள் என்று பிரித்தழைத்தனர். மார்க் அந்தோனியின் புதல்வியருள் இருவரை நோக்கினால், அவ்விருவருமே அந்தோனியாக்கள். ஒருத்தி பெரிய அந்தோனியா, மற்றவள் சிறிய அந்தோனியா. மணம் புரிந்த பின்னும் பெண் கணவனின் குலப்பெயரை ஏற்பதில்லை. தந்தையின் குலத்தவளாகவே அழைக்கப்பட்டாள். இதனைப் பெண்ணுரிமை என்று கருதிவிடக் கூடாது. அவள் பெயர் என்றும் அவளுக்கே உரியதாய் இருந்ததில்லை.

அடிமையின் நிலை வேறு. அவனுக்கு ஒரே பெயர். அதையும் எசமானோ விற்பவனோ இட்டிருப்பான். பேலிக்ஸ் (பாக்கியவான்), பொர்த்துனாத்து (நற்பேறு உடையவன்), ஒநேசிமு (பயனுள்ளவன்) போன்றவை அடிமைகளிடையே மிகுதியாக வழங்கிய பெயர்கள். பயனற்றவனாயிருந்தவன் இப்பொழுது பயனுள்ளவனானான் என்று பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது இந்தப் பெயரின் பொருளையே எடுத்தாள்கிறார். அடிமைக்குச் சட்டத்தின்முன் தந்தை இல்லை. ஆகவே இன்னாரின் மகன் என்று எழுதவும் இயலாது.

விடுதலை பெற்ற அடிமை, விடுவித்த எசமானின் முற்பெயரையும் குலப்பெயரையும் ஏற்று, தன் பழைய அடிமைப்பெயரை மூன்றாவதாக வைத்துக்கொண்டான். சிசரோவின் எழுத்தராயிருந்த தீரோ கி.மு. 53இல் விடுதலை பெற்று மார்க்கஸ் துல்லியஸ் தீரோ ஆனான். ஆனால் 'மா.வின் மகன்' என்று நிற்கவேண்டிய இடத்தில் 'மா.வால் விடுவிக்கப்பட்டவன்' என்றே எழுதப்பட்டது. சுல்லா என்னும் தலைவன் பதினாயிரம் அடிமைகளை விடுவித்துத் தன் கொர்னேலியஸ் குலப்பெயரை அவர்களுக்கு வழங்கினான் என்று வரலாற்றாசிரியர் அப்பியான் கூறுகிறார். எனவே கொர்நேலியு என்னும் பெயரை மட்டும் கொண்டு ஒருவன் உயர்குடிப் பிறந்தவன் என்று முடிவுகட்ட இயலாது.

குடியுரிமை பெற்ற அயலாரும், அதை வழங்கிய பேரரசனின் குலப்பெயரை ஏற்றனர். எருசலேமில் பவுலைக் காப்பாற்றிய சேனாபதி, தான் மிகுந்த பணம் கொடுத்துக் குடியுரிமையைப் பெற்றதாகக் கூறுகிறான் (அப். 22). அவன் பெயர் கிலவுதியு லீசியா. லீசியா என்பது கிரேக்கப் பெயர். கிலவுதியு என்பது பேரரசனின் குலப்பெயர். அவன் பெயரே அவன் வரலாற்றைக் கூறிவிடுகிறது. இறுதியாக, கி.பி. 212இல் கரக்கல்லா என்று அறியப்படும் பேரரசன் மார்க்கஸ் அவுரேலியஸ் அந்தோனினஸ், பேரரசின் சுயாதீன மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை வழங்கினான். அதன்பின் நாடெங்கும் எண்ணற்ற அவுரேலியஸ்கள் தோன்றினர். எல்லாருக்கும் ஒரே குலப்பெயர் வந்தபோது, அது எவரையும் பிரித்துக் காட்டும் ஆற்றலை இழந்தது. மூன்று பெயர் ஒழுங்கு மெல்ல மறைந்து, பெரும்பாலோர் ஒற்றைப் பெயரால் அறியப்படும் காலம் வந்தது.

ஆயினும் ஒன்றைக் கூறாவிடில் நம் கூற்று ஒருபக்கச் சார்பாகிவிடும். விடுதலை பெற்றவர்கள் தம் புதிய குலப்பெயரை வெறுக்கவில்லை. உரோமாபுரியில் அவர்கள் எழுப்பிய கல்லறைக் கல்வெட்டுகள் ஏராளம். அவற்றில் முழுப் பெயரையும் பெருமிதத்தோடு பொறித்தனர். நேற்றுவரை ஒற்றைப் பெயரால் அதட்டி அழைக்கப்பட்டவனுக்கு, தன் பிள்ளைகளுக்குக் கையளிக்கத்தக்க ஒரு பெயர் கிடைப்பது சிறிய காரியமன்று. குலப்பெயர் உயர்ந்தோர்க்கு ஆணவமாகவும் தாழ்த்தப்பட்டோர்க்கு மானமாகவும் அமையக்கூடும். இவ்விரண்டையும் நாம் சேர்த்தே எண்ணவேண்டும்.

3. உரோமர் 16ஆம் அதிகாரத்தின் பட்டியல்

இப்பின்னணியில் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தை நோக்குவோம். பவுல் வாழ்த்துக் கூறுவோருள் 24 பேர் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். ரூபின் தாயும் நேரேயாவின் சகோதரியும் பெயரின்றிக் குறிக்கப்படுகின்றனர். பேரரசின் தலைநகருக்கு எழுதப்பட்ட இப்பட்டியலில், எவருக்கும் மூன்று பெயர்கள் கொடுக்கப்படவில்லை. இன்னாரின் மகன் என்றோ, இன்னாரால் விடுவிக்கப்பட்டவன் என்றோ, இன்ன தொகுதியைச் சார்ந்தவன் என்றோ ஒருவரும் குறிக்கப்படவில்லை.

அம்பிலியா, பெர்சியாள், எர்மே, பிலொலோகு, நேரேயா முதலிய பெயர்கள் உரோமாபுரிக் கல்வெட்டுகளில் அடிமைகளிடையேயும் விடுதலை பெற்றோரிடையேயும் மிகுதியாகக் காணப்படுபவை. பேதர் லாம்பே என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்பெயர்களைக் கல்வெட்டுகளோடு விரிவாக ஒப்பிட்டு, பட்டியலில் உள்ளோரில் பலர் அடிமை மரபினராகவோ குடியேறிய கீழ்த்திசையினராகவோ இருக்கக்கூடும் என்று காட்டியுள்ளார். அரிஸ்தோபூலுவின் வீட்டார், நர்கீசுவின் வீட்டார் என்போர் அப்பெருவீடுகளின் பணியாட்கள் என்பது பலரும் ஏற்கும் கருத்து. யூனியா, யூலியா என்பவை குலப்பெயர்களின் பெண்பால் வடிவங்கள். இப்பெண்கள் அக்குலங்களில் பிறந்தவர்களாகவோ, அக்குலத்தாரால் விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களாகவோ இருக்கலாம்.

குலமும் தந்தையும் எசமானும் எழுதப்பட வேண்டிய இடத்தில் பவுல் எதை எழுதுகிறார்? மரியாள் மிகவும் பிரயாசப்பட்டவள். திரிபேனாளும் திரிபோசாளும் கர்த்தருக்குள் பிரயாசப்படுகிறவர்கள். எப்பனெத்து ஆசியாவின் முதற்கனி. ரூபின் தாய் பவுலுக்கும் தாய். அன்றோனீக்கும் யூனியாவும் அவரோடு சிறைப்பட்டவர்கள். உழைப்பும், பாடும், கிறிஸ்துவுக்குள்ளான உறவுமே அவ்விடத்தை நிரப்புகின்றன. நகரத்தின் பொக்கிஷ அதிகாரியான ஏரஸ்துவுக்கு அடுத்து, குவர்த்து என்னும் ஒருவன் சகோதரன் என்று மட்டும் குறிக்கப்படுகிறான். குவர்த்து என்றால் நான்காமவன். அவனைப்பற்றி வேறெதுவும் கூறப்படவில்லை. சகோதரன் என்பது போதுமானதாயிற்று.

பவுல் தம் பெயரையும் இவ்வாறே கையாண்டார். பிறப்பால் உரோமக் குடிமகனாகிய அவருக்கு முற்பெயரும் குலப்பெயரும் இருந்திருக்கவேண்டும். புதிய ஏற்பாட்டில் அவை ஓரிடத்திலும் இல்லை. சிறியவன் என்று பொருள்படும் மூன்றாவது பெயரை மட்டுமே அவர் வழங்கினார். அவரைக் கைதியாக நிறுத்தி விசாரித்த தேசாதிபதி பேலிக்ஸோ, அடிமையாயிருந்து விடுதலை பெற்று அரச குடும்பத்தின் தயவால் பதவிக்கு வந்தவன். பிறப்பால் உரிமையுள்ளவர் கட்டுண்டு நிற்க, அடிமையாயிருந்தவன் நீதியாசனத்தில் அமர்ந்திருந்தான். குலப்பெயரை நம்பி உலகத்தை அளப்போர்க்கு அக்காட்சி குழப்பத்தையே தரும்.

ஆதித்திருச்சபை உரோமப் பெயரொழுங்கைச் சட்டத்தால் ஒழித்ததென்று நாம் கூறவில்லை. அதற்கு அத்தகைய அதிகாரமும் இல்லை. சபை கூடியபோது வாசிக்கப்பட்ட பட்டியலில் அவ்வொழுங்கு இடம்பெறவில்லை என்பதே நாம் கூறுவது.

4. தமிழகத்துப் பெயர் மரபு

இனி நம் நாட்டை நோக்குவோம். உரோமரைப்போல் எல்லாரும் தாங்கிய குலப்பெயர் தமிழரிடையே நிலைபெறவில்லை. ஊர், தந்தை, தன் பெயர் என்பதே பழைய வரிசை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் புலவர் பெயரில் ஊரும் தந்தையும் தன் பெயரும் முறையே நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் நிர்வாகியாயிருந்த அதிகாரி ஒருவர், பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் எனக் கல்வெட்டில் குறிக்கப்படுகிறார். நாட்டின் மீதான உரிமை, தந்தை ஆதித்தன், தன் பெயர் சூரியன், அரசன் அளித்த பட்டம் என நான்கும் அதிலுண்டு. நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்டனர். கிழவன், உடையான் போன்ற அடைகள் நிலவுடைமையோடு தொடர்புடையவை என்பதை இத்தகைய ஆய்வுகள் தெளிவாக்கின. நிலமற்றோர்க்கு இவ்வடைகள் இல்லை.

அதே பெரிய கோயிலில் இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் பெயருக்கு முன் நக்கன் என்னும் சொல் நிற்கிறது. அது சிவனைக் குறிக்கும் பெயரென்றும், தந்தையின் பெயர் நிற்கும் இடத்தில் அது வைக்கப்பட்டதென்றும் அறிஞர் கொள்வர். தந்தை எழுதப்படாதவர்க்கு அவ்விடத்தில் யாரை எழுதுவது என்னும் வினா உரோமாபுரிக்கு மட்டும் உரியதன்று.

திருவண்ணாமலை வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் அதில் குறிக்கப்படுகிறான். முதலில் அரசன் பெயர், பின்பு சிற்றரசன், அதன்பின் அவன் சார்ந்திருந்த தலைவர், கடைசியில்தான் வீரனின் பெயர். அவனோடு நின்று கள்வனைக் கடித்த நாயின் பெயரும் கோவிவன் என்று பொறிக்கப்பட்டுள்ளது. உயிர்கொடுத்த உழைப்பை நினைவுகூர்ந்தோர், நாயின் பெயரையும் மறக்கவில்லை. குலத்தையன்றிச் செயலை எழுதிய ஒரு மரபும் நம் மண்ணில் உண்டென்பதற்கு இது சான்று.

மகப்பேறில்லாத போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு அண்ணாமலையாரே மகனாகி, ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் நீர்க்கடன் கழிக்கிறார் என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை. உரோமப் பெருங்குடியினன் மகனைத் தத்தெடுத்து ஆற்றிக்கொண்ட கவலையும் இதுவே: எனக்குப் பின் என் பெயரைச் சொல்ல யார்? இவ்வேக்கத்தை எள்ளாமல் மதித்துணர்ந்தாலன்றி, புத்திரசுவிகாரம்பற்றிய நம் பிரசங்கம் இம்மண்ணில் வேரூன்றாது.

இம்மரபின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. உயர்வருணத்தார்க்கு மங்கலமும் வலிமையும் செல்வமும் குறிக்கும் பெயரையும், சூத்திரனுக்கு இழிவு குறிக்கும் பெயரையும் இடும்படி மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. சிற்றூர்களில் ஒருவர்க்கு 'ஆர்' விகுதியும் இன்னொருவர்க்கு 'அன்' விகுதியும் வழங்கியது இலக்கணத்தால் அன்று, சாதியால். உரோம அடிமையின் ஒற்றைப் பெயரும் நம் சேரியில் மதிப்பு விகுதியின்றி அழைக்கப்பட்ட பெயரும் உடன்பிறந்தவை.

5. தமிழ்த் திருச்சபையும் பெயரும்

கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்தவர், 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் குருத்துவ அபிஷேகம் பெற்றுத் தமிழரில் முதல் புரொட்டஸ்டன்ட் போதகரானார். வேதநாயகம் சாஸ்திரியாரின் தந்தையார் அருணாசலம் என்ற பெயரை விட்டுத் தேவசகாயம் ஆனார். அண்ணாமலையின் இறைப்பெயரைத் தாங்கிப் பிறந்தவர் தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞரின் தந்தையானது வரலாற்றின் சுவையான செய்தி.

ஆனால் பெயர் மாறியதால் சாதி மாறிவிடவில்லை. சபையில் இருக்கைகளும் திருவிருந்து வரிசையும் பல இடங்களில் சாதிவாரியாகவே இருந்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினின்று அறவே விலக்கவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது தஞ்சையிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சாதியோடு சமரசம் செய்யும் போக்கை ஏற்காமல் அம்மிஷனை விட்டு விலகிப் பட்டாம்பாக்கத்தில் பணியாற்றினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு இணைந்தது. கடலூர், திருக்கோயிலூர், திருவண்ணாமலை எனப் பரவி, இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக விளங்கும் பணிக்கு அதுவே தொடக்கம்.

அந்த டேனிஷ் ஊழியரின் பெயர்களிலேயே ஒரு பாடம் உண்டு. தமிழ் வேதாகமத் திருத்தப் பணியால் நம் மாணவர் அறிந்த எல். பி. லார்சனின் பெயருக்கு லார்சின் மகன் என்பதே பொருள். டென்மார்க்கின் நாட்டுப்புற மக்கள் நம்மைப்போலவே தந்தையின் பெயரை ஒட்டியே அழைக்கப்பட்டனர். தலைமுறைதோறும் அது மாறிற்று. 1828இல் அரசு, திருமுழுக்கின்போது பிள்ளைக்குக் குடும்பப் பெயரையும் சேர்த்துப் பதியவேண்டும் என்று ஆணையிட்டது. நாளடைவில் தந்தைப் பெயர்கள் அசையாத குடும்பப் பெயர்களாக உறைந்துபோயின. பரங்கிப்பேட்டையில் சேவா மந்திரம் நிறுவிய அன்னை ஆன் மரி பீட்டர்சனின் பெயர், மகளாகிய அவரைப் பீட்டரின் மகன் என்றே கூறுகிறது. அவ்வுறைதலைக் கோயிற்பற்றுப் பதிவேட்டில் எழுதியவர்கள் போதகர்களே. எழுதுகோல் பிடித்த கை ஒரு நாட்டின் பெயரொழுங்கையே மாற்றவல்லது.

தமிழகம் வேறொரு வழியைத் தெரிந்துகொண்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாம் சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப்பட்டம் சேர்ப்பதைக் கைவிடும்படி தீர்மானித்தது. பிள்ளை, முதலியார், நாயுடு முதலிய பட்டங்கள் பொதுவாழ்வில் மெல்ல உதிர்ந்தன, தலைப்பெழுத்தே எஞ்சியது. பிற மாநிலங்களில் சாதியைச் சுமந்த குடும்பப் பெயர்கள் தொடர்ந்திருக்க, நம் நாட்டில் அது அருகியது நாம் பெற்ற நன்மை. திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த நன்மை என்பதை மனத்தாழ்மையோடு ஒப்புக்கொள்வோம்.

இன்னொரு துயரம் நம் சபைகளுக்கே உரியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினராவதற்கு இந்துவாக இருத்தல் வேண்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இதனால் சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழ்வோர் பலர். இவர்களை இரட்டை வேடத்தார் என்று கடிந்துகொள்ளும் போதகர்களும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் சவுல், பவுல் என்னும் இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன. இரு உலகங்களில் வாழ நேர்ந்தவர்கள் இரு பெயர்களைத் தாங்குவது அக்காலத்தில் இயல்பு. அநீதியான விதி ஒருவனை இரண்டாகப் பிளக்கும்போது, பிளவுண்டவனைக் குற்றம் சாட்டுவது ஆயனுக்கு அழகன்று.

6. எழுதும் கை

இவற்றாலெல்லாம் நாம் கற்பது யாது? பெயரை எழுதுதல் வெறும் குமாஸ்தா வேலையன்று. எந்தக் கட்டத்தை நாம் வரைகிறோமோ, அந்தக் கட்டத்துக்குள் அடங்காதவன் அவமானப்படுகிறான். தந்தை பெயர் கூற இயலாத தாய், பிள்ளையை ஏந்திக்கொண்டு திருமுழுக்குத் தொட்டியருகே நிற்கும்போது, பதிவேட்டின் வெற்றுக் கட்டம் அவளைக் குற்றம் சாட்டுவதாய் இருத்தல் ஆகாது. தாயின் பெயரை அங்கே தெளிவாக எழுதுவோம். மணமான பெண்ணை இன்னாரின் மனைவி என்று மட்டும் எழுதி அவள் பெயரை விட்டுவிடும் பழக்கத்தையும் விடுவோம். உரோமன் தன் மகளுக்குச் சொந்தப் பெயரிட மறந்தான். பவுல் மரியாளையும் பெர்சியாளையும் பெயர் சொல்லி வாழ்த்தினார்.

இக்காலத்தில் கடவுச்சீட்டும் அயல்நாட்டு விண்ணப்பங்களும் குடும்பப் பெயர் என்றொரு கட்டத்தை நம் இளைஞர்முன் வைக்கின்றன. தந்தையின் பெயரை அங்கு எழுதுவோர் பலர். முன்னோர் உதறிய சாதிப்பட்டத்தைத் தேடியெடுத்து எழுதும் ஆசையும் சிலரிடம் தலைதூக்குகிறது. 'இது வெறும் பெயர்தானே' என்பது அவர்கள் கூறும் நியாயம். வெறும் பெயர் என்று ஒன்றில்லை என்பதற்கு உரோமரின் வரலாறே சாட்சி. அதே வேளையில், ஒருகாலத்தில் ஒற்றைப் பெயரால் அதட்டப்பட்டவரின் பேரப்பிள்ளைகள், தம் பாட்டனின் விவிலியப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொள்ள விரும்பினால் அதை எள்ளற்க. தீரோ தன் கல்லில் முழுப் பெயரைப் பொறிக்க உரிமையுள்ளவன். ஏறி மிதிப்பதற்காகத் தாங்கும் பெயரும், நிமிர்ந்து நிற்பதற்காகத் தாங்கும் பெயரும் ஒன்றல்ல.

உரோமர் நிருபத்தின் முடிவில் இன்னொருவரும் வாழ்த்துக் கூறுகிறார். அவர் தெர்தியு; பவுல் சொல்லச்சொல்ல அந்நிருபத்தை எழுதியவர். தெர்தியு என்றால் மூன்றாமவன். எண்ணிட்டு அழைக்கப்பட்ட அந்த மனிதரின் கையே பெபேயாள் முதல் குவர்த்து வரை அத்தனை பெயர்களையும் எழுதிற்று. அவற்றினிடையே தன் பெயரையும் எழுதிக்கொண்டது. அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் பதிவேட்டைத் திறக்கும் ஆயர்கள் தெர்தியுவை நினைவுகூர்வார்களாக. எழுதப்படும் ஒவ்வொரு பெயரையும் முழுமையாகவும், பிழையின்றியும், மரியாதையோடும் எழுதுவோம்.